மேயருக்காகப் போட்ட பாலம்

எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒருவர் பெரிய நகரம் ஒன்றுக்கு மேயரானார். இதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களில் பலருக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. வயதாகிவிட்டது, இனியாவது கோபத்தை விடு என்கிறார்கள் வீட்டில். விடுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், புக்கிட் செலம்பாவைத் தாண்டி உள்ளே இருந்தது. நடுவில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாலை, பால் நிறுக்கும் ஸ்டோர், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைவீடு, தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரெஸரின் மருந்துக் கொட்டகை, மேட்டில் துரையின் பங்களா. இந்தப் பக்கம் நாங்கள் குடியிருந்த லயங்களும் மாரியம்மன் கோயிலும் பால்மரக் காடும். இரண்டையும் சேர்த்தது இரண்டு தென்னங்கட்டைகள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கட்டியிருந்தார்கள், அதுவும் துருப்பிடித்த கம்பி.

வெட்டிய பாலை வாளிகளில் ஊற்றி, வாளிகளை இரு முனையிலும் மாட்டிய காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து, அந்தத் தென்னங்கட்டை மேல் நடந்துதான் ஸ்டோருக்குக் கொண்டுபோவோம். நானும் அக்காவும் அப்படித்தான் சுமந்தோம். அங்கிருந்து லாரி ஏற்றிக்கொண்டு போகும். லாரி ஆற்றைக் கடக்க வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் பாலமும் வந்திருக்கும். எங்கள் தோளும் முதுகும் சும்மா கிடைத்தபோது பாலத்துக்கு யார் செலவு செய்வார்கள்?

மழைக்காலத்தில் கட்டை தண்ணீருக்குள் போய்விடும். அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை, காய்ச்சல் வந்தாலும் மருந்து இல்லை. கோயில் தலைவர்தான் எங்களை வேலை வாங்கும் மண்டோரும். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை துரை முன்னால் போய்க் கைகட்டி நின்று பாலம் கேட்பார். பலகை இல்லை என்று துரை சொல்வார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமாக நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல அந்த மனிதருக்கு நாக்குக் கூசவில்லை. எங்கள் தலைவரும் சரிங்க துரை என்று திரும்பி வருவார்.

இனி மேயருக்கு வருகிறேன். அவருடைய அப்பா புகைவீட்டில் விறகு போட்டவர். சட்டையில், தலைமுடியில், சாப்பிடும் தட்டில்கூட அந்தப் புகை வாசம் ஒட்டியிருக்கும் என்று என் அம்மா சொல்வாள். பையன் அந்தக் கட்டை மேல் நடந்து பள்ளிக்கூடம் போனான். படிப்பு நன்றாக வந்தது. நகரத்தில் இருந்த சித்தப்பா அழைத்துக்கொண்டு போனார். அங்கே இவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா ஆனார், தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசினார், பேச்சுக்குக் கூட்டம் கூடியது. அந்தக் காலத்தில் நகரசபைக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஆள் எடுத்தார்கள், இப்போதுள்ள பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அப்படி கவுன்சிலர் ஆனார். பிறகு கவுன்சிலர்கள் சேர்ந்து அவரை மேயராக்கினார்கள்.

செய்தி பத்திரிகையில் வந்த அன்று எங்கள் லயத்தில் தீபாவளிதான். கோயில் மணியை நிறுத்தாமல் அடித்தார்கள். புகைவீட்டுக்காரர் மகன் மேயராகிவிட்டான், இனி நமக்கென்ன குறை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் மேயரானது வேறு ஊருக்கு என்று ஒருவராவது நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆகியிருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். தன் குழந்தையும் ஒருநாள் இப்படிப் பேர் எடுக்கும் என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

அந்த வருஷ ஆடித் திருவிழாவுக்கு மேயரை அழைத்துப் பரிவட்டம் கட்ட வேண்டும் என்று கோயிலில் முடிவு செய்தார்கள். அவரும் வருவதாகச் சொல்லி அனுப்பினார். காரில் வருகிறார், பத்திரிகைக்காரரும் கூட வருகிறார் என்று தெரிந்தது. கோயில் இந்தப் பக்கம், சாலை அந்தப் பக்கம். துரைக்கு விஷயம் எட்டியது.

அதுவரை இல்லாத பலகை அந்த வாரமே வந்துவிட்டது. புகைவீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து, கனமான பலகைகளையும் உத்தரங்களையும் இறக்கி, சீன ஆசாரிகள் நான்கைந்து பேர் ஆற்றில் கம்பம் இறக்கினார்கள். வேலை முடிந்து வாளியோடு திரும்பும்போது நாங்கள் நின்று வாயைப் பிளந்து பார்த்தோம். எத்தனை வருஷமாகக் கெஞ்சிய பாலம், கண் முன்னால் வளர்ந்துகொண்டிருந்தது. அக்கா, "பாத்தியாடி, மேயரண்ணன் வரதுக்கு முன்னாடியே வேல நடக்குது" என்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

அப்போதுதான் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆசாரியிடம் மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. ஆணியை முழுசாக இறக்காதே, தலையை வெளியே விட்டு வை, திருவிழா முடிந்ததும் பிடுங்க வேண்டும் என்றார். நான் குனிந்து பார்த்தேன். எல்லா ஆணியும் விரல் அகலத்துக்கு வெளியே நின்றது.

அன்று சாயங்காலம் கோயிலில் கூட்டம். நான் எழுந்து சொன்னேன். "இது நமக்குப் போட்ட பாலம் இல்ல. காருக்குப் போட்டது. திருவிழா முடிஞ்சா பிச்சிருவாங்க. மேயர் வந்ததும் நேரா அவர்கிட்ட சொல்லணும்."

தலைவருக்கு முகம் சுருங்கியது. "பொம்பளப் புள்ள, உக்காரு. வரவரு இத்தன வருஷம் கழிச்சு வராரு. வந்தவருகிட்ட குறையச் சொல்லி அனுப்புறது நம்ம வழக்கமாலா? துரையும் பக்கத்துல நிப்பாரு. நல்ல நாள்ல மூஞ்சியில கரியப் பூசணுமா?"

"கரி அவுங்களுக்குப் பூசுனா என்ன?"

"வாய மூடுன்னேன்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லயத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால், பக்கத்து வீட்டு நாற்காலி வரும், எதிர்வீட்டுக் கண்ணாடிக் கோப்பை வரும், மூன்றாம் வீட்டுக் கோழிகூட வரும். எதுவும் நம்முடையது இல்லை என்று விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. பத்தடி அறையில் எட்டுப் பேர் படுக்கிறவர்களுக்கு இது ஒரு மானம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மானத்தை ஆறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவல் நாற்காலி மாதிரி இரவல் பாலம். அது இரவல் என்று தெரியக் கூடாது என்பதற்காக, கம்பங்களில் வாழைமரம் கட்டி, இரண்டு பக்கமும் குருத்தோலைத் தோரணம் தொங்கவிட்டு, மண்ணைக் கொட்டி ஆணித் தலைகளை மூடி, அதன்மேல் மாக்கோலமும் போட்டார்கள். துரை எங்களை மறைக்கச் சொல்லவில்லை. நாங்களே மறைத்தோம்.

திருவிழா அன்று மேயர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பதவிச் சங்கிலி. மார்பு முழுக்கப் பொன் நிறத்தில் தொங்கியது. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வர என்ன அவசியமோ. மாலையைச் சங்கிலிக்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்று பூசாரி தடுமாறினார். பாலத்தின் இந்தக் கரையில் ஆரத்தி எடுக்க அக்காவை நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாம் மாதம், சேலைக்குள் வயிறு லேசாகத் தெரியும். நான் பக்கத்தில் குத்துவிளக்கோடு நின்றேன்.

கார் பாலத்தின் நடுவில் நின்றது. பத்திரிகைக்காரர் படம் எடுக்க வேண்டும் என்றாராம். மேயர் இறங்கினார். அவசரமாகக் கட்டிய கைப்பிடிப் பலகையில் கையை வைத்தார். எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். நான் பார்த்தேன். ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு துரை பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா ஆரத்தி சுற்றினாள். தட்டில் காசு போட்டுவிட்டு அவளைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார்.

"எத்தன மாசம்மா?"

"அஞ்சுங்க அண்ணே."

"ஒன்னும் சூசா இல்ல, கஷ்டம் இல்ல இனிமே. பாலம் வந்துருச்சு. காருலயே ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள். கோயில் மேடையில் பேசும்போதும் அதையே பெரிதாகச் சொன்னார். இதே ஆற்றில் கட்டை மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான், இன்றைக்கு என் கார் வந்து நிற்கும்படி பாலம் வந்திருக்கிறது, என் மண்ணுக்கு என்னால் ஆனது என்றார். கைதட்டல் ஓயவில்லை. தலைவர் அழுதார். துரையும் தட்டினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு தலைவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது ஆசாரிகள் வந்திருந்தார்கள். ஆணி ஒவ்வொன்றும் சுலபமாக வந்தது. வாழைமரத்தைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். நாங்கள் பாலோடு திரும்பி வருவதற்குள் பாதிப் பாலம் போய்விட்டது, பழைய தென்னங்கட்டையைத் திரும்பவும் இழுத்துப் போட்டிருந்தார்கள். வாரக் கடைசியில் பலகைகள் எல்லாம் பழையபடி புகைவீட்டுக்குள் ஏறிவிட்டன. மாமா, அதாவது அக்கா புருஷன், தலைவரிடம் போய்க் கேட்டார். பலகை தோட்டத்துப் பலகை, துரை எடுத்துக்கொண்டார், நாம் என்ன செய்வது என்றார் தலைவர்.

பத்திரிகையில் படம் வந்தது. பிறந்த தோட்டத்துக்கு மேயர் தந்த பாலம் என்று போட்டிருந்தார்கள். அதை வெட்டிக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். இல்லாத பாலத்தின் படத்தைப் பார்க்க, தென்னங்கட்டை மேல் நடந்து வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போனார்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்.

"மேயர்கிட்ட போய்ச் சொல்லுங்க, பஸ் ஏறினா ஒரு நாள் வேல" என்று நான் தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். "அவரு அந்த ஊருக்குத்தானே மேயரு, நம்ம தோட்டத்துல அவருக்கு என்ன அதிகாரம்?" என்று அப்போது சட்டம் பேசினார். பெருமை பேசும்போது நம்ம மேயர். கேட்க வேண்டிய நேரத்தில் யாரோ ஊர் மேயர். நல்ல கணக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையிலும் விடவில்லை. அக்காவுக்கு வலி கண்ட அன்று விடியற்காலையில் ஆறு கரைக்கு மேல் ஏறி ஓடியது. கட்டை எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. லயத்தில் பிரசவம் பார்க்கும் அத்தை வயிற்றைத் தொட்டதும், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றாள்.

வீட்டுக் கதவைக் கழற்றி அக்காவை அதில் படுக்கவைத்து ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அந்தக் கரையில் லாரி தயாராக நின்றது. டிரெஸர் குடையோடு நின்று, இடது பக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. மாமாவும் இன்னும் மூன்று பேரும் கதவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாலடி போவதற்குள் மார்பு வரை தண்ணீர். ஒருவருக்குக் கால் வழுக்கியது. கதவு சாய்ந்தது. அக்கா அலறினாள். திரும்பி ஏறிவிட்டார்கள்.

மறுபடியும் முயன்றார்கள், முடியவில்லை. பிறகு மழையில் அவளைக் கரையில் வைத்துக்கொண்டு, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடிவதற்காக நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் புகைவீடு நன்றாகத் தெரிந்தது. கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பாலத்துப் பலகைகள் மழை படாமல் உள்ளே சூடாக, ரப்பர் ஷீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இறங்கியது. கடந்தோம். லாரியில் போனோம். ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையை எடுத்தபோது உயிரில்லை. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. திரும்ப எடுத்து வந்து ஆற்றங்கரையில், பாலத்துக் கம்பம் இறக்கிய குழிக்குப் பக்கத்தில் புதைத்தோம். கரையில் மண் கொட்டி மேடாக்கிய இடம் அது ஒன்றுதான். அக்காவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை தங்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்த தலைவர், எல்லாம் விதி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வயதைப் பார்க்கவில்லை. "விதிக்கு ஆணி புடுங்கத் தெரியுமா? எந்திரிச்சுப் போங்க" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். எங்கள் வீட்டில் பேசுகிறவர்களின் வாயைத்தான் எப்போதும் பொத்துவார்கள்.

மேயர் இன்னும் சில வருஷம் மேயராகவே இருந்தார். நகரத்தில் நல்லது செய்தார் என்றுதான் சொல்கிறார்கள். குப்பை அள்ளுகிறவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தாராம், சந்தைக்குக் கூரை போட்டாராம். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் பாலத்தையும் பேசினார். தோட்டத்துக் கடையில் இருந்த ரேடியோவில் ஒருமுறை நானே கேட்டேன். தொழிலாளிக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்கிறவர்கள் கெடாவுக்குப் போய் அந்தப் பாலத்தைப் பார்க்கட்டும் என்றார். ஒருவராவது வந்து பார்த்தார்களா? வந்திருந்தால் கால் நனைந்திருக்கும்.

அவர் பதவி முடிந்து இறங்கிய பிறகு, சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். பழைய படத்தில் ஆரத்தித் தட்டோடு நிற்கிற அம்மாவே வந்து மறுபடியும் ஆரத்தி எடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று விழாக்காரர்களுக்கு யோசனை. தலைவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். நான் அடிக்காத குறை. அக்கா, "வரேன்னு சொல்லுங்க" என்றாள்.

"ஒனக்குப் பைத்தியமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்னு தெரியணும்டி. அவருக்குத் தெரியாம நடந்துச்சா, தெரிஞ்சே நடந்துச்சான்னு. தெரியாம இருந்தா என் மனசு ஆறிடும்."

உள்ளங்கையை முகர்ந்ததை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். புகைவீட்டில் வளர்ந்த மனிதனுக்கு அந்த வாசம் தெரியாமல் இருக்குமா என்றும் சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை. நல்லவராகத் தெரிந்தவரைக் கெட்டவர் என்று நம்ப அவளுக்கு மனம் வராது, அவள் குணம் அது.

மண்டபத்து மேடையில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். வாழைமரம், தோரணம், மேயர், என் அக்கா, அவள் வயிறு. அக்கா அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வந்தார். முடி நரைத்திருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. அக்கா தட்டைச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, நீதானாம்மா! அன்னிக்கு வயித்துல இருந்த புள்ள எப்படி இருக்கான்? பள்ளிக்கூடம் போறானா?"

அக்காவின் கையில் தட்டு அசையவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"பாலம் இருந்த எடத்துலதாங்க அண்ணே இருக்கான். நீங்க போன மறுநாள் பாலத்தப் பிரிச்சாங்க. மழையில ஆத்தக் கடக்க முடியாம செத்துட்டான். அங்கதான் பொதச்சோம்."

சுற்றி நின்றவர்களுக்கு மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை செத்தான் என்றதும் கண் கலங்கியது, உண்மைதான். உதடு அசைந்தது. பாலத்தைப் பிரித்தார்களா, யார் பிரித்தது, எனக்கு ஏன் சொல்லவில்லை, ஏதாவது ஒன்று கேட்பார் என்று காத்திருந்தேன். என் கோபம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்காக வழிவிட்டு நின்றது என்றுகூடச் சொல்லலாம்.

யாரோ அவர் முழங்கையைத் தொட்டு, மேடைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அவர் சட்டைப் பையில் கையை விட்டு, தட்டில் காசு வைத்துவிட்டு மேடை ஏறினார். அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா வெளியே வந்து ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். காசும் தண்ணீரோடு போனது, அவள் குனிந்து பார்க்கவில்லை. காலித் தட்டை என்னிடம் கொடுத்தாள்.

"பாத்தியா," என்றாள், "பாலம் எங்க போச்சுன்னு அவரு கேக்கவே இல்லடி."